பாலாறு குவார்டெட்டின் எட்டாவது பாட்டு

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு பேஸ் கிடார் வாசிக்கும் பெண்ணின் பெயர் ஷெரின். கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை வீட்டில் இருந்தபடியே பார்க்கிறவள். போன மாதம் அவளுக்கு மணிக்கட்டு சுளுக்கிவிட்டது. "ஒரு வாரம் மட்டும் நீங்க வாசிங்க அங்கிள்" என்று சத்துவாச்சாரியில் நான் குடியிருக்கும் மாடிப் போர்ஷன் வரைக்கும் படியேறி வந்து கேட்டாள். என் வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர்காரரைத் தவிர யாரும் படியேறி வருவதில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே சரி என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை ஒத்திகைக்குப் போனேன். இப்போதெல்லாம் வாசிப்பவர்கள் அத்தனை பேருடைய காதிலும் ஒரு குமிழைச் சொருகிவிடுகிறார்கள். அதற்குள் கடிகாரம் மாதிரி ஒரு க்ளிக் ஓடுகிறது. பாட்டு தொடங்குவதற்கு முன் ஒரு பெண் குரல் ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று எண்ணுகிறது. நான் ஒரு பாட்டு தாக்குப்பிடித்தேன். அடுத்த பாட்டில் குமிழைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

முன் பெஞ்சில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஷெரின் மெதுவாக வந்தாள். "அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஒவ்வொரு நோட்டும் லேட்டா வர்றீங்க."

"தெரியும்மா."

"தெரிஞ்சேவா?"

"அதுக்குத்தான் பதினாலு வருஷம் என்னைக் கூப்பிட்டு வாசிக்க வெச்சாங்க."

அவள் ஜோக் என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு, "சபை மலருக்கு அதை எழுதிக் குடுங்களேன்" என்றாள். எழுத உட்கார்ந்தேன். இது சபை மலர் தாங்கும் அளவுக்கு அடங்கவில்லை. நடுவில் ஒரு பாவ அறிக்கையும் வந்து உட்கார்ந்துவிட்டது. எங்கள் சபைப் போதகரான ஐயர் இதைப் போடுவாரா என்று தெரியவில்லை. போடாவிட்டாலும் எழுதியதை அழிக்கப் போவதில்லை.

நான் ஆம்பூர்க்காரன். இருபது வயதில் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷனில் சேர்ந்தேன். தோலின் மேல் இரும்பு அச்சை வைத்து மெஷினால் அழுத்தினால் ஷூவின் மேல்பாகம் துண்டாகி வரும். நாள் முழுக்க அதே வேலை. சர்ச்சில் கிடார் வாசிக்க ஏற்கெனவே நாலு பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் நாலு தடித்த கம்பி போட்ட பேஸ் கிடார் ஒன்று தூசி படிந்து கிடந்தது, அதை எடுத்துக்கொண்டேன். பேஸ் வாசிப்பவனை யாரும் கவனிப்பதில்லை. வாசிப்பை நிறுத்தினால்தான் என்னவோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். என் சுபாவத்துக்கு அது ஒத்துவந்தது. கற்றுக்கொண்ட கதை இவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்காக வேலூருக்கு வந்து வாசித்தேன். பியானோவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நிகழ்ச்சி முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"யாருப்பா நீ? மூணாவது பாட்டுல ஒரு இடத்துல வாசிக்காம விட்ட. மறந்துட்டியா, வேணும்னு விட்டியா?"

"வேணும்னுதான் விட்டேன்."

"வியாழக்கிழமை வா" என்று விலாசம் சொல்லிவிட்டுப் போனார். பெயரைக்கூட அப்புறம் பக்கத்தில் இருந்தவர்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அவர்தான் ரூபி மிஸ். என்னைவிட நாலு வயதுதான் பெரியவர். பெங்களூரில் ஒரு ஓட்டலில் ஏழு வருஷம் ஜாஸ் வாசித்தவர். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் வேலூருக்குத் திரும்பி வந்து, பள்ளிக்கூடத்தில் பாட்டு மிஸ் ஆகிவிட்டார். ஊரே மிஸ் என்று கூப்பிட்டதால் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். டிரம்ஸ் வாசிக்கப் பாஷா வந்தான்; ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை, என் வயது. பாடுவதற்கு நிர்மலா, பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். இந்த நாலு பேர்தான் பாலாறு குவார்டெட். ஆற்றில் தண்ணீர் இல்லை, எங்களிடம் பெயராவது இருக்கட்டும் என்று மிஸ்தான் வைத்தார்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு மிஸ் வீட்டு முன்னறையில் ஒத்திகை. உள்ளறையில் அவருடைய அப்பா படுத்திருப்பார். கதவு திறந்தே இருக்கும். அவர் இருமினால் நிறுத்த வேண்டும். இருமல் நின்றதும் நிறுத்திய இடத்திலிருந்தே எடுக்க வேண்டும், முதலிலிருந்து தொடங்கக் கூடாது. முதல் அரை மணி நேரம் யாரும் வாத்தியத்தைத் தொடக் கூடாது. கைதட்டல் மட்டும். அதற்குப் பிறகு நானும் பாஷாவும் ஒரே ஸ்வரத்தைப் பத்து நிமிஷம் வாசிக்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷமும் மிஸ் எங்களோடு இருக்க மாட்டார், அடுப்படிக்குப் போய் டீ போடுவார். சுவரைத் தாண்டி வருவது பேஸ் சத்தம் மட்டும்தான் என்பது அவருக்குத் தெரியும். டீயை ஆற்றிக்கொண்டே அங்கிருந்து குரல் கொடுப்பார்.

"ஜெயசீலா, சீக்கிரம் வந்துட்ட!"

நான் ஒரு மயிரிழை தள்ளி வைப்பேன்.

"ம். அங்கயே இரு."

பதினாலு வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது இந்த ஒரு வார்த்தையில்தான்.

இன்னொரு வழக்கம் இருந்தது. மற்ற கச்சேரிக் குழுக்களில் தலைவர் ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று எண்ணித்தான் பாட்டைத் தொடங்குவார். மிஸ் எண்ண மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி பியானோவின் மேல் வைப்பார். டக் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அதன் பிறகு பாஷா எப்போது மூச்சை விடுகிறானோ அப்போது பாட்டு தொடங்கும். ஒரு தடவை நிர்மலா கேட்டேவிட்டார், "எண்ணிட்டா ஈசியா இருக்குமே மிஸ்?"

"எண்ணினா எல்லாரும் நம்பரைப் பார்ப்பீங்க. எண்ணலைன்னாதான் ஒருத்தர ஒருத்தர் பார்ப்பீங்க" என்றார் மிஸ்.

முதல் ஐந்தாறு வருஷம் ஜாஸும் கீர்த்தனையும் கலந்து வாசித்துக்கொண்டிருந்தோம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்கள் ஊர் திரும்பும்போது கேசட்டுகளை நர்சுகளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் நிர்மலா கொண்டுவந்த இரண்டு மூன்று கேசட்டில் சோல் என்று அமெரிக்கக் கறுப்பின மக்கள் பாடும் பாட்டுகள் புதுவிதமாக இருந்தன. ஸ்வரக் கட்டெல்லாம் ஜாஸ்தான். ஆனால் டிரம்ஸ் அரைத் தூக்கத்தில் நடக்கிற மாதிரி, தாளம் விழும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் விழுந்தது. மிஸ் மூன்று நாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அதைக் கேட்டார். "இது நம்ம ஜாஸேதான். சட்டையை மட்டும் வெளிய எடுத்து விட்டிருக்கு" என்றார்.

கேட்பது சுலபமாக இருந்தது, வாசிப்பது பேஜாராக இருந்தது. பின்னால் விழ வேண்டும் என்று நினைத்தால் பாட்டே மெதுவாகிவிடும். வேகத்தைப் பிடித்தால் நேராக வந்து விழுந்துவிடும். ஒரு மாதம் திண்டாடினோம். கடைசியில் பாஷா தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "மிஸ், சிரிக்காதீங்க. இதை நான் தினமும் கேக்குறேன். எங்க ஃபேக்டரில."

ஒரு நாள் மத்தியானம் எங்கள் மூவரையும் தொழிற்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனான். இரண்டு ஆள் உயரத்துக்கு மர டிரம்கள் வரிசையாகச் சுழன்றுகொண்டிருந்தன. உள்ளே ஈரத் தோல்களும் மருந்துத் தண்ணீரும். டிரம்மின் உள்பக்கம் மர முளைகள் அடித்திருக்கும். அவை தோலை மேலே தூக்கிக்கொண்டு போகும். உச்சிக்குப் போன தோல் உடனே விழாது. ஒரு கணம் ஒட்டிக்கொண்டு நின்று, பிறகுதான் தொப்பென்று விழும். மிஸ் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் நின்றார். நிர்மலாவுக்கு அந்த வாடையில் குமட்டலே வந்துவிட்டது.

"மோட்டார் லேட் இல்ல, கவனிச்சியா?" என்று என் காதருகே கத்தினார் மிஸ். "அது பாட்டுக்குச் சுத்துது. தோலுதான் லேட்டு. பாஷாவோட வலது கை மோட்டார். அவன் காலும் உன் கையும் தோல். புரியுதா?"

புரிந்தது. வலது கையால் சிம்பல் என்ற பித்தளைத் தட்டில் பாஷா நேரம் தவறாமல் தட்டிக்கொண்டே போவான். காலால் உதைக்கும் பெரிய டிரம்மும் என் கம்பியும் மட்டும் ஒன்றாகச் சேர்ந்து கொஞ்சம் தாமதித்து விழும். அடுத்த வியாழக்கிழமை அடுப்படியிலிருந்து "அங்கயே இரு" என்ற குரல் வந்தபோது பாஷா டிரம் குச்சியால் என் தலையில் தட்டினான். எங்கள் குழுவின் சத்தம் என்று ஒன்று உண்டானது அன்றுதான்.

ஊரில் எல்லோருக்கும் அது பிடித்தது என்று சொல்ல முடியாது. ஆற்காட்டில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் மண்டப மேனேஜர் மேடைக்கே ஏறி வந்து, "இன்னாப்பா, தூங்கிக்கினே வாசிக்கிறீங்க? கொஞ்சம் ஜாஸ்தியா ஓட்டுங்க" என்றார். எத்தனையோ கல்யாணத்துக்கு வாசித்தேன்; எனக்குத்தான் அது அமையவில்லை. ஆனால் ஷூ கம்பெனிகளின் கெஸ்ட் ஹவுஸ்களில் எங்களுக்கு நல்ல மரியாதை இருந்தது. இத்தாலியிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் தோல் வாங்க வருகிறவர்களுக்கு முதலாளிகள் பிரியாணி விருந்து வைப்பார்கள். மூலையில் நாங்கள் தணிவாக வாசிப்போம். ஒரு விருந்தில் இத்தாலிக்காரர் ஒருவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கையில் முள்கரண்டியோடு வந்து பாஷாவின் கால் பக்கத்தில் குனிந்து நின்றார். முதலாளிக்கு வியர்த்துவிட்டது. "அவருக்குப் புடிக்கலையா?" என்று மிஸ்ஸிடம் கேட்டார். இரண்டு பாட்டு முடியும் வரை அந்த மனிதர் பாஷாவின் காலையும் என் விரலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எங்கள் நாலு பேருக்கும் கைகொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வருஷம் வந்தவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி அந்த நாலு பேர் எங்கே என்பதுதானாம்.

அதிலிருந்துதான் முதலாளிக்கு அந்த யோசனை வந்தது. புது வருஷத்துக்கு வெளிநாட்டு வியாபாரிகளுக்கெல்லாம் பர்சும் பெல்ட்டும் அனுப்புவதற்குப் பதிலாக எங்கள் பாட்டை ஒரு சிடியாகப் போட்டு அனுப்பலாம் என்றார். ஸ்டுடியோ செலவு முழுக்க அவருடையது. மிஸ் சொந்தமாக உண்டாக்கிய எட்டுப் பாட்டுகள் கையில் இருந்தன. அவர் அன்று சிரித்த சிரிப்பை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. பெங்களூரை விட்டு வந்த நாளிலிருந்து அவருக்கு இது ஒன்றுதான் குறையாக இருந்தது. வாசித்ததெல்லாம் காற்றோடு போய்விட்டது, நாளைக்கு யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு வருஷம், சென்னையில் ஒரு ஸ்டுடியோ. டிரம்ஸுக்குக் கண்ணாடித் தடுப்பு, நடு அறையில் பழைய பியானோ, வெளியே கம்ப்யூட்டர். இன்ஜினியர் மரியாதையான ஆள். க்ளிக் இல்லாமல் பதிவு செய்ய முடியாது என்று ஒரே பிடியாக நின்றார். மிஸ் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பாஷா காதுல மட்டும் வைங்க. கோடு எங்க இருக்குன்னு தெரிஞ்சாதான் அவனால கோட்டுக்குப் பின்னாடி நிக்க முடியும்" என்றார். ஒவ்வொரு பாட்டுக்கும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இரண்டு நாளில் எட்டுப் பாட்டும் முடிந்தன. எங்கள் வாழ்க்கையில் நாங்கள் நன்றாக வாசித்த இரண்டு நாள் அவை.

மூன்றாம் நாள் சத்தங்களைக் கூட்டிக் குறைத்துச் சேர்க்கும் வேலை. நிர்மலாவுக்கு டியூட்டி, பாஷாவுக்கு லீவு இல்லை. மிஸ்ஸின் அப்பா கட்டிலிலிருந்து விழுந்துவிட்டதாகக் காலையிலேயே போன் வந்தது. நான் மட்டும் தங்கினேன். ஆட்டோவில் ஏறப்போன மிஸ் திரும்பி வந்தார்.

"சத்தத்தை ஏத்தட்டும், இறக்கட்டும், அது அவர் வேலை. நோட்டு விழுற இடத்தை மட்டும் மாத்த விடாத. இன்னா சொன்னாலும் விடாத. அது உன் பொறுப்பு."

"நான் பாத்துக்குறேன் மிஸ். நீங்க அப்பாவைப் பாருங்க" என்றேன்.

பத்து மணிக்கு இன்ஜினியர் என் பேஸ் சத்தத்தைத் திரையில் விரித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாசிப்பைக் கண்ணால் பார்த்தேன். நேர் நேராகக் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் வலது பக்கத்தில், தள்ளி, என் ஒவ்வொரு நோட்டும் நின்றது. ஒன்றுகூடக் கோட்டின் மேல் இல்லை. சினிமாப் பாட்டுக்கு வாசிக்க வந்த இரண்டு கலைஞர்கள் பின்னால் சோபாவில் காத்திருந்தார்கள். அதில் ஒருவர் பெரிய பேஸ்காரர், நான் பேரைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, கேலியே இல்லாமல், அன்பாகத்தான் கேட்டார்: "புதுசா வாசிக்கிறீங்களா சார்?"

குழுவில் சேர்ந்தே எனக்குப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. தோல், மோட்டார், அடுப்படி எல்லாவற்றையும் அவருக்கு எப்படிச் சொல்வேன்? ஆம்பூரில் கட்டிங் செக்ஷனில் இருந்தவன் என்பது நெற்றியில் எழுதி ஒட்டிய மாதிரி கூசிப்போனேன்.

"எல்லாம் லேட்டா இருக்கு சார்" என்றார் இன்ஜினியர். "கோட்டுல கொண்டாந்து வெச்சிடலாம். யாருக்கும் தெரியாது. வெக்கட்டுமா?"

"வைங்க" என்றேன்.

அவ்வளவுதான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. இருபது வருஷமாக இந்த இடத்துக்கு ஒரு சாக்குத் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

பேஸ் கோட்டில் ஏறியதும் பாஷாவின் கால் தனியாகத் தொங்கியது. அதையும் ஏற்றினார். பிறகு பியானோ இடித்தது. அதையும் துண்டு துண்டாக நறுக்கி நேராக்கினார். பாட்டின் முன்னாலும் பின்னாலும் இருந்த வேண்டாத சத்தங்களையெல்லாம் வெட்டித் தள்ளினார். மத்தியானத்துக்கு மேல் முதல் பாட்டைப் போட்டுக் காட்டினார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்குப் பெருமையாக இருந்தது. ரேடியோவில் வருகிற மாதிரி சுத்தமாக இருந்தது. சோபாவில் இருந்தவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

ஐந்து மணிக்கு அடுத்த கூட்டம் வந்துவிட்டது. ஏழு பாட்டு முடிந்திருந்தன. எட்டாவது பாட்டுக்கு வார்த்தை கிடையாது, நிர்மலா முனகிக்கொண்டே போவார். "ஒண்ணு மிச்சம் சார். கடைசிப் பாட்டு, வார்த்தையும் இல்ல. அப்டியே விட்டுடலாமா?" என்றார் இன்ஜினியர். விட்டுவிடுங்கள் என்றேன்.

சிடி அச்சாகி வந்த வியாழக்கிழமை மிஸ் கேசரி செய்து வைத்திருந்தார். நாலு பேரும் முன்னறையில் உட்கார்ந்தோம். உள்ளறையில் அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தார். முதல் பாட்டு தொடங்கியது. தாளம் போட்டுக்கொண்டிருந்த மிஸ்ஸின் கால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. இரண்டாவது பாட்டில் பாஷா தன் காலையே குனிந்து பார்த்தான். "அரே, இது என் காலு மாதிரியே இல்லியேப்பா" என்றான். மூன்றாவது பாட்டின் நடுவில் மிஸ் எழுந்து நிறுத்தினார்.

"ஜெயசீலா, நீ அங்கதான இருந்த?"

"இருந்தேன் மிஸ். சத்தமெல்லாம் சேக்குற வரைக்கும் இருந்தேன். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டேன். நான் போன பிறகு பண்ணியிருக்காங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், முந்தானையில் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார். "சரி, கேசரி சாப்பிடுங்க" என்றார்.

எட்டாவது பாட்டு தொடப்படாமல் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதைப் போட்டிருந்தால் மிஸ் கேட்க ஆசைப்பட்டது அப்படியே கேட்டிருக்கும். ஆனால் அதைப் போடுங்கள் என்று நான் சொன்னால், அது மட்டும் தப்பியது உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். கேசரியைத் தின்றேன். மிஸ் அந்த சிடியை உறைக்குள் வைத்து பீரோவில் போட்டுவிட்டார். மறுபடி எடுத்து நான் பார்க்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை கைதட்டல் முடிந்து பாட்டுக்கு உட்கார்ந்தோம். நாங்கள் அந்த டக் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். மிஸ் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்றார்.

பாஷா தடுமாறிப்போய்த் தப்பான இடத்தில் அடித்தான். மிஸ் மறுபடியும் எண்ணினார். அன்றிலிருந்து கடைசி வரைக்கும், ஏறத்தாழ மூன்று வருஷம், எண்ணித்தான் தொடங்கினார். நானும் பாஷாவும் வாசிக்கும்போது டீ போடப் போவார், டீ வரும், குரல் வராது. நான் வேண்டுமென்றே சீக்கிரம் வந்து பார்த்தேன், ரொம்பப் பின்னால் போயும் பார்த்தேன். அடுப்படியில் கிளாஸ் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்கு அன்றே புரிந்தது என்று எழுதினால் அது இன்னொரு பொய். சிடியைக் கேட்டு அவரும் நேரான வாசிப்புக்கு மாறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். நினைப்பதற்கு எது வசதியோ அதை நினைத்தேன்.

அந்த சிடி வெளிநாட்டுக்கெல்லாம் போனது. இத்தாலிக்காரர் அதன் பிறகு எங்களைப் பற்றிக் கேட்கவில்லை என்று முதலாளி சொன்னார். கெஸ்ட் ஹவுஸ்களில் பெரிய ஸ்பீக்கரும் ஆளில்லாமல் ஓடும் பாட்டும் வந்துவிட்டன. நிர்மலா வேலை கிடைத்து அயர்லாந்துக்குப் போனார். பாஷா பெங்களூரில் மச்சான் கடைக்குப் போய்விட்டான். மிஸ்ஸின் அப்பா இறந்து நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் அவரும் பெங்களூரில் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டார்.

காட்பாடி ஸ்டேஷனுக்கு நான் மட்டும் போனேன். பெட்டிகளை ஏற்றிவிட்டு ஜன்னல் பக்கம் வந்து நின்றேன். வண்டி கிளம்பக் கொஞ்ச நேரம் இருந்தது. மிஸ் கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

"வேற ஏதாவது சொல்லணுமா ஜெயசீலா?"

"ஒண்ணுமில்ல மிஸ். போய்ட்டு வாங்க."

"ம்" என்றார். வண்டி நகர்ந்தது.

அதற்குப் பிறகு வேலூரில் ஒரு வாத்தியக் கடையில் சேர்ந்து, கண் மங்கும் வரைக்கும் மற்றவர்களுடைய கிடாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தேன். கம்பி மாற்றியதும் சரியாக இருக்கிறதா என்று வாசித்துப் பார்க்க வேண்டும். கேட்க ஆள் இல்லாமல் ஒற்றையாக பேஸ் வாசிப்பது போல் பரிதாபமான சத்தம் வேறு கிடையாது. ரூபி மிஸ் மேல் உனக்குக் காதலா என்று கடை முதலாளி ஒரு தடவை கேட்டார். காதல் இல்லை. ஒருத்தர் என் கையை நம்பியிருந்தார். என்னை அப்படி வேறு யாரும் நம்பியதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நிர்மலா அயர்லாந்திலிருந்து கூப்பிட்டார். மிஸ் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றும், அடக்கமும் ஆகிவிட்டது என்றும் சொன்னார். என்னால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. ஸ்டுடியோவில் நடந்த எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"ஜெயசீலா, மிஸ்ஸுக்கு அந்த வாரமே தெரியும்" என்றார் நிர்மலா. "கோவமா ஸ்டுடியோவுக்கு போன் போட்டாங்க. உங்க ஆளு கூடவே உக்காந்து சரின்னு சொன்னாருன்னு அந்த இன்ஜினியர் சொல்லிட்டாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை?"

"நான் கேக்கட்டுமான்னேன். வேணாம்னுட்டாங்க. அவன் லேட்டாத்தான் வருவான், ஆனா வந்துடுவான்னாங்க."

நான் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு நிர்மலாவிடம் வைக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

என்னிடம் அந்த சிடி ஒன்று இருக்கிறது. வியாழக்கிழமை ஆறு மணிக்கு எட்டாவது பாட்டைப் போடுவேன். மற்ற ஏழையும் போடுவதில்லை. அந்தப் பாட்டின் முன்பக்கத்தை மட்டும் இன்ஜினியர் வெட்டவில்லை. முதலில் அறையின் அமைதி கேட்கும். பிறகு டக் என்று கண்ணாடியைக் கழற்றி வைக்கும் சத்தம். பாஷா மூச்சு விடுகிறான். சிம்பல் தொடங்குகிறது, அவன் காலோடு சேர்ந்து நானும் பின்னால் வந்து விழுகிறேன். ஷெரின் கேட்டாளே, அந்த லேட் இதுதான்.

இந்த ஒரு பாட்டு மட்டும் வாசித்தபடியே தப்பி இருப்பது மிஸ்ஸுக்குத் தெரியாமலே போய்விட்டது. அந்தக் கேசரி வியாழக்கிழமையில் நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருந்தது நாலே வார்த்தை. எட்டாவது பாட்டைப் போடுங்க மிஸ். நாலு எண்ணுகிற நேரம்கூட ஆகியிருக்காது.